அவருக்குக் கோல்ஃப், எங்களுக்கு இலங்கை

கோல்ஃப் என்ற சொல்லைப் பார்த்ததும், "இது பெரிய இடத்துச் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. எங்கள் திருப்பூரில் இப்போது பனியன் கம்பெனிக்காரர்கள் சிலரின் கார் டிக்கியைத் திறந்தால், சாம்பிள் பீஸ் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு நீளப் பை படுத்துக்கொண்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து பையர் வந்தால் கூட ஆட ஆள் வேண்டுமே என்று தொடங்கிய பழக்கம் அது.

எங்கள் வீட்டுக்குள் அந்தப் பை நுழைந்த கதை வேறு. 2021ல் என் கணவருக்கு இருதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். "தினமும் நடங்க" என்றார் டாக்டர். நடந்தார், எப்படி? காதில் செல்போனை வைத்து நூல் விலை பேசிக்கொண்டே மொட்டை மாடியில் நாலு சுற்று! பேச்சு சூடாகி ரத்த அழுத்தம் ஏறியதுதான் மிச்சம். அப்புறம் ஒரு நண்பர் கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கும் கோல்ஃப் மைதானத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனார். பந்தின் பின்னாலேயே ஏழெட்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு, தாம் நடந்ததே தெரியாமல் வீடு திரும்பினார். போன் டிக்கியிலேயே கிடந்திருக்கிறது. அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காப்பி போட்டுக் கொடுத்து அவரை அனுப்பிவைப்பது என் வேலையாகிவிட்டது.

ஆட்டத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நம்ம கிட்டிப்புள் போலத்தான், குச்சிக்குப் பதில் சின்னப் பந்து. பதினெட்டு குழிகள். ஒவ்வொரு குழியிலும் பந்தைப் போட எத்தனை அடி ஆகலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பெயர் 'பார்'. பதினெட்டுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 70லிருந்து 72 வரை வரும். கைதேர்ந்தவர்கள் அதற்குள் முடிப்பார்கள். என்னவர் 95லிருந்து 100 வரை போவார். அதாவது சுமாரான ஆட்டக்காரர். உலகத்தில் கோல்ஃப் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ரகம்தானாம். கூடுதலாக ஆகும் அடிகளுக்கு ஈடாகக் கொடுக்கும் சலுகைக்கு 'ஹேண்டிகேப்' என்று பெயர். ஆடத் தொடங்குகிறவருக்கு அது 54 வரை போகலாம் என்று 2020ல் வந்த உலகப் பொது விதி சொல்கிறது.

2024 பொங்கலுக்குக் கம்பெனி ஒரு வாரம் லீவு. தறியும் ஓவர்லாக்கும் ஓயும் அந்த ஒரு வாரத்தில்தான் எங்கள் ஊரே மூச்சு விடும். ஏழு வருஷத்தில் குடும்பமாக நாங்கள் எங்கேயும் போனதில்லை. "இலங்கைக்குப் போலாமா?" என்று அவர் கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. கோவையிலுள்ள ஒரு டிராவல் ஏஜென்ட் ஐந்து நாளில் நாலு கோல்ஃப் மைதானம் என்று ஒரு திட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு நாளும் காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு, மத்தியானம் முழுக்கச் சாலையில். "ஏனுங்க, இது உல்லாசப் பயணமா, ஷிப்மென்ட் அனுப்புறதா?" என்று கேட்டேன். ஸ்டென்ட் வைத்த மனுஷர், எழுபத்தாறு வயது அத்தை, பதினான்கு வயது மகள், நான். இந்த நாலு பேருக்கும் பொருந்துகிற மைதானம் எது என்று நானே உட்கார்ந்து பார்த்தேன்.

பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதிய வித்தையே இல்லை. துணியில் சைஸ் பார்ப்பதுதான்!

ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கிற இடத்துக்கு 'டீ' என்று பெயர். ஒரே இடமல்ல. கடைசியில் ஒன்று, அதற்கு முன்னால் ஒன்று, இன்னும் முன்னால் ஒன்று என்று வெவ்வேறு நிறக் குறி வைத்திருப்பார்கள். எங்கே நின்று அடிக்கிறோமோ அதைப் பொறுத்து மைதானத்தின் மொத்த நீளம் கூடும், குறையும். பெரும்பாலான ஆண்பிள்ளைகளுக்கு முன் டீயில் நிற்பதென்றால் கௌரவக் குறைச்சல். அது 'லேடீஸ் டீ' என்று நினைப்பு. மார்பளவு முப்பத்தெட்டு உள்ளவர், பெரிய சைஸ்தான் கௌரவம் என்று எக்ஸ்எல் வாங்கித் தொளதொளவென்று மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்!

அமெரிக்காவில் 2011ல் கோல்ஃப் அமைப்புகளே, 'முன்னால் வந்து ஆடுங்கள்' என்று ஓர் இயக்கம் நடத்தின. அதற்கு ஒரு சைஸ் சார்ட்டும் வெளியிட்டார்கள். முதல் அடியில் பந்து 250 கஜம் போகிறவருக்கு 6,200லிருந்து 6,400 கஜ மைதானம். 225 கஜம் என்றால் 5,800லிருந்து 6,000. 200 கஜம் என்றால் 5,200லிருந்து 5,400. நம்மைப் போன்ற பெண்கள் 150 கஜம் அடித்தால் 3,500லிருந்து 3,700 போதும். என்னவர் நல்லா அடித்தால் 200. அவரே "220 போகும்" என்பார். வீட்டுக்காரர் சொல்லும் கணக்கில் பத்து சதவீதம் கழித்துக்கொள்வது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே!

இன்னொரு எண் 'ஸ்லோப்'. ஸ்கோர் கார்டில் அச்சிட்டிருக்கும். ஒரு மைதானத்தில் கைதேர்ந்தவரைவிடச் சுமாரானவர் எவ்வளவு கூடுதலாகத் திண்டாடுவார் என்பதைச் சொல்லும் எண் அது. 55லிருந்து 155 வரை இருக்கும். 113 நடுத்தரம். அதற்கு மேலே போகப் போக, பந்துகளை டஜன் கணக்கில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி இலங்கைக்கு வருகிறேன். அந்தத் தீவில் பதினெட்டு குழி மைதானங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. கொழும்பில் ஒன்று, கண்டிக்குப் பக்கத்தில் ஒன்று, நுவரெலியாவில் ஒன்று, தெற்கே அம்பாந்தோட்டையில் ஒன்று. இவை நான்கும் வெளியூர்க்காரர்கள் தேடிப் போகிறவை. இவை போகத் திருகோணமலை சீனக்குடாவில் விமானப் படையினர் நடத்தும் மைதானமும் இருக்கிறது. ஆனால் பொங்கல் சமயத்தில் அந்தக் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை முழுக்க ஓய்ந்திருக்காது. அதனால் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை. மாதம் பார்ப்பது மிக முக்கியம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மேற்கும் மலைநாடும் நன்றாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கத்தை நனைக்கும், அப்போது கிழக்குக் கரை காய்ந்திருக்கும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்த விழா, குதிரைப் பந்தயம், மலர்க் காட்சி என்று ஊரே திமிலோகப்படும். அறையும் கிடைக்காது, ஆட நேரமும் கிடைக்காது.

மாட்டுப் பொங்கலைத் தோட்டத்தில் முடித்துவிட்டு, அடுத்த நாள் காரில் திருச்சி. அங்கிருந்து விமானத்தில் கொழும்பு ஒரு மணி நேரந்தான். அத்தை இடுப்பு பெல்ட்டைப் போட்டுக் கழற்றுவதற்குள் இறங்கிவிட்டோம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வேனில் நேரே கண்டி.

கண்டியிலிருந்து முக்கால் மணி, ஒரு மணி நேரத் தூரத்தில், திகன என்னும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது விக்டோரியா கோல்ஃப் மைதானம். 1999ல் திறந்தார்கள். டொனால்டு ஸ்டீல் என்ற ஆங்கிலேயர் அமைத்தது. அடேயப்பா, என்ன அழகு! ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலைத் தொடர், சுற்றிலும் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் தண்ணீர். நடுவே ஏறி இறங்கும் பச்சை. மகாவலி ஆற்றுக்குக் குறுக்கே 1985ல் திறக்கப்பட்ட அணை அது. 122 மீட்டர் உயரம். இலங்கையிலேயே அதுதான் உயரமானது. பழைய தெல்தெனிய ஊர் அந்தத் தண்ணீருக்குள்தான் மூழ்கிப் போயிற்று. கோடையில் நீர் வற்றினால் பழைய கட்டடங்கள் தலை நீட்டுமாம். வேன் டிரைவர் இதைச் சொன்னதும் அத்தை, "நம்ம பவானிசாகர்ல டணாய்க்கன் கோட்டை முழுகுன மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, ரொம்ப நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நொய்யல் கரையில் பிறந்தவர் அவர். சாயத் தண்ணீர் இறங்குவதற்கு முன்னால் அந்த ஆற்றில் குளித்தவர். தெளிந்த தண்ணீரைக் கண்டால் அப்படித்தான் நின்றுவிடுவார்.

அழகு இருக்கட்டும். நீளம்? கடைசி டீயிலிருந்து 7,000 கஜத்துக்குச் சற்றே குறைவு. பார் 73. இது எக்ஸ்எல் அல்ல, டபுள் எக்ஸ்எல்! முன் டீயில் நின்று ஆடலாம் என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். ஆனால் காலையில் அங்கே போனதும், கூட ஆடச் சேர்ந்த இரண்டு வெளிநாட்டு வாலிபர்கள் பின்னால் போய் நிற்க, இவரும் அவர்கள் பின்னாலேயே நடந்தார். "ஏனுங்க..." என்றேன். "ஒரு ரெண்டு குழி பாக்கறேன் அம்முணி" என்றார். ரெண்டு, அஞ்சாயிற்று. அந்த அஞ்சு குழியில் நாலு பந்து காணாமல் போயிற்று. கேடி பையன் புதருக்குள் தேடித் தேடி அலுத்துவிட்டான். முழுப் பலத்தோடு ஓங்கி அடித்து, மேட்டில் வேகமாக ஏறி, மற்றவர்களை நிறுத்தி வைக்கிறோமே என்ற பதற்றத்தில் முகமெல்லாம் வியர்வை. ஐந்தாவது குழி முடிந்ததும் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். என் வயிற்றைப் பிசைந்தது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். படபடவென்று ஓடியது, ஆனால் நெஞ்சு வலி இல்லை, கை கடுக்கவில்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் ஒரு பாட்டில் கலந்து எடுத்துப் போயிருந்தேன். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தேன். இருபது நிமிஷம் ஆயிற்று நிதானத்துக்கு வர. (நெஞ்சிலோ, தாடையிலோ, இடது கையிலோ வலி என்றால் இப்படி உட்கார்ந்து நாடி பார்க்கிற வேலையே கூடாது. உடனே வண்டியைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.)

அந்த வாலிபர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டோம். ஆடினது போதும், அறைக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. கடைசியில் கேடிதான் ஒரு வழி சொன்னான். மோட்டார் வண்டியை வரவழைத்து அதில் ஏற்றி, முன் டீக்குக் கூட்டிப் போனான். "சேர், இங்க இருந்து மெதுவா அடிங்க" என்று தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னான். நான் சொல்லிக் கேட்காத மனுஷர் அவன் சொல்லிக் கேட்டார்! அப்புறம் நாலே குழி. ஒரு பந்துகூடத் தொலையவில்லை. ஒரு குழியில் 'பார்' கூடப் போட்டார். ஒன்பதோடு நிறுத்தியாயிற்று.

விக்டோரியா மைதானத்தைக் குறை சொல்லவில்லை. இதைவிடக் கண்ணுக்கு விருந்தான மைதானத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் சுமாராக ஆடுகிறவர் போவதானால், முன் டீ, மோட்டார் வண்டி, விடியற்காலை நேரம் மூன்றையும் முதலிலேயே சொல்லிப் பதிவு செய்துவிட வேண்டும். வீட்டுக்காரருக்கு வீராப்பு அதிகமானால் கேடியிடம் காதோடு காதாக நாமே சொல்லி வைக்கலாம். கேடி நமக்கு மூத்த அண்ணன் மாதிரி. அவனுக்கு அன்பளிப்பாக எவ்வளவு தருவது வழக்கம் என்பதை வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலை. வழியில் ரம்பொடையில் ஆஞ்சநேயர் கோயில். அங்கே இறங்கிக் கும்பிட்டுவிட்டு, இருபுறமும் தேயிலை, அருவி என்று போகப் போகக் காது அடைத்தது, குளிர் பிடித்தது. மகள் ஸ்வெட்டரைத் தேடினாள்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலே இருக்கிறது. நம்ம ஊட்டியின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து மலையேறின இடங்கள் சிலவற்றில் மூன்று விஷயம் செய்திருக்கிறார்கள். ஏரி, குதிரைப் பந்தயத் திடல், கோல்ஃப். ஊட்டியிலும் பார்த்திருக்கிறோமே! இங்கே கோல்ஃப் மைதானம் 1889ல் ஆரம்பித்தது. ஊரின் நடு மத்தியில் இருக்கிறது. இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மைதானத்து வாசலிலிருந்து நடக்கிற தூரத்தில் பழைய சிவப்புத் தபாலாபீஸ், விக்டோரியா பூங்கா, கடைத்தெரு. கொஞ்சம் தள்ளிப் போனால் படகு விட கிரகரி ஏரி. அவர் ஆடுகிற நாலு மணி நேரம் நாங்கள் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று சொல்லத் தேவையில்லை.

நீளமோ 5,500 கஜம் அளவுதான். பார் 70. மலை உயரத்தில் காற்று லேசாக இருப்பதால் பந்து சுமார் பத்து சதவீதம் கூடுதல் தூரம் போகும். என்னவர் சொல்லும் 220 கஜம் அங்கேதான் நிஜமாயிற்று! ஆனால் நீளம் குறைவு என்றால் சுலபம் என்று அர்த்தமில்லை. ஃபேர்வே என்னும் பாதை குறுகல். இரு பக்கமும் சைப்ரஸ், யூகலிப்டஸ் மரங்கள். குறுக்கே ஓடைகள். பலத்தைக் காட்டுகிறவருக்கு மரம் பதில் சொல்லும். நிதானமாக, சின்ன மட்டையில் நேராக அடிக்கிறவருக்குப் பிழைப்பு உண்டு. சுமாரான ஆட்டக்காரருக்கு வேண்டியது இதுதான்.

இருதயக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மேலே ஏறின அன்றே ஆடக்கூடாது. காற்று லேசு என்பது பந்துக்கு நல்லது, நெஞ்சுக்கு அல்ல. கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டிருந்தோம். "முதல் நாள் ஓய்வு, மாத்திரை நேரம் தவறக்கூடாது, மூச்சு வாங்கினால் நிற்கணும்" என்றார். அப்படியே செய்தோம். அந்த முதல் நாளில் சீதா எலியவில் இருக்கும் சீதையம்மன் கோயிலுக்கும், பக்கத்தில் ஹக்கல தோட்டத்துக்கும் போய் வந்தோம். இரண்டுமே ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்.

மறுநாள் காலை அவரோடு நானும் முழு மைதானமும் நடந்தேன். எங்களுக்கு வந்த கேடி அசல் தமிழர், ஐம்பது வயதிருக்கும். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவராம். பாட்டனார் நாமக்கல் பக்கமிருந்து போனவர் என்றார். "எங்க சித்தப்பா குடும்பம் சாஸ்திரி ஒப்பந்தத்துல ஊருக்குப் போயிருச்சு. கோத்தகிரில இருக்காங்க. பார்த்து முப்பது வருஷமாச்சு" என்று அவர் சொன்னபோது, குழி எத்தனை, அடி எத்தனை என்பதெல்லாம் மறந்துபோயிற்று எங்களுக்கு. 1964ல் சிரிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், எத்தனை குடும்பத்தைக் கடலின் இரு கரையிலும் பிரித்துப் போட்டிருக்கிறது! அப்படித் திரும்பி வந்தவர்களுக்காகத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டமே போட்டார்கள், 1968ல். அதே தேயிலையைக் குடித்துக்கொண்டு இதையெல்லாம் யார் நினைக்கிறோம்?

பேச்சு பேச்சாக இருந்தாலும் ஆட்டத்தில் மனுஷர் கண்டிப்பு. "சேர், பெரிய மட்டை வேணாம். ஏழாம் நம்பர் எடுங்க. ஓடைக்கு இந்தப் பக்கம் விட்டா போதும்." இவர் மறுபேச்சு பேசவில்லை. 96ல் முடித்தார். தொலைந்த பந்து இரண்டுதான். களைப்பு இருந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது. கடைசிக் குழிக்குப் பக்கத்தில் வந்ததும் கேடி என் கையில் ஒரு மட்டையைக் கொடுத்து, "அம்மா, நீங்க ஒரு தரம் தட்டுங்க" என்றார். மாவு உருண்டையை உருட்டுகிற மாதிரிதான் இருந்தது. இரண்டாவது தட்டில் உள்ளே போயிற்று. மகள் போட்டோ எடுக்காமல் விட்டுவிட்டாள் என்ற குறை எனக்கு இன்னும் உண்டு.

நுவரெலியாவில் இரண்டு ராத்திரி போதும் என்று போனவர்கள் மூன்று ராத்திரி இருந்தோம்.

அத்தைக்குக் கதிர்காமம் போகாமல் திரும்ப மனசில்லை. எங்கள் கொங்கு நாட்டில் பழனி, சென்னிமலை, சிவன்மலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் முருகன்தானே! மலையிலிருந்து எல்ல, வெல்லவாய வழியாக இறங்கினால் அரை நாளில் கதிர்காமம். அங்கே கருவறையில் விக்கிரகம் காணக் கிடைக்காது. திரைக்குத்தான் பூஜை. அத்தை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "திரை போட்டா என்ன, எனக்குத் தெரிஞ்சுது" என்றார்.

கதிர்காமத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் அம்பாந்தோட்டை. 2016ல் ஷாங்கிரி-லா நட்சத்திர விடுதியோடு சேர்த்துத் திறந்த பதினெட்டு குழி மைதானம் கடலோரத்தில் இருக்கிறது. முன்பு நீலக்கல் தோண்டின இடமும் தென்னந்தோப்புமாக இருந்த நிலமாம். கைக்குழந்தை, சின்னப் பிள்ளைகளோடு போகிற இளம் தாய்மாருக்கு நான் இதைத்தான் சொல்வேன். விடுதி வளாகத்துக்குள்ளேயே நீச்சல் குளம், பிள்ளைகள் விளையாட இடம், கடற்கரை, கோல்ஃப் எல்லாம் அடக்கம். எங்கேயும் அலைய வேண்டாம். செலவுதான் கொஞ்சம் கனம். நாங்கள் அங்கே தங்கவில்லை. அது தீவின் வறண்ட பக்கம். கோயில் முடித்து வந்தபோது மணி பதினொன்று, உச்சி வெயில், கடற்காற்று வேறு. இவர் வண்டி ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். "விடிகாலைல வந்தா ஆடலாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அங்கிருந்து நெடுஞ்சாலை வழியாகக் கொழும்பு. கடைசி நாள் காலையில் ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பில் ஒன்பது குழி மட்டும் ஆடினார். 1879ல் காலிமுகத் திடலில் ஆரம்பித்த சங்கம் இது. 1896ல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. 'ராயல்' பட்டம் 1928ல் கிடைத்தது. (பிரிட்டனுக்கு வெளியே எல்லாவற்றுக்கும் மூத்தது நம்ம கல்கத்தா, 1829.) பெரும்பாலும் சமதளம், நடக்கச் சிரமமில்லை. கடைசி டீயிலிருந்து 6,500 கஜம் அளவில் வரும். முன்னால் வந்தால் சுமாரானவருக்கும் சரியாக இருக்கும். ஆனால் கொழும்பின் புழுக்கம் பொல்லாதது. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை இந்த மைதானத்துக்குள்ளேயே போகிறது. ரயில் வந்தால் ஆட்டம் நிற்கும். மகளுக்கு நாலு மைதானத்தில் அதுதான் பிடித்திருந்தது!

போகிறவர்களுக்கு இன்னும் இரண்டொரு விஷயம். சொந்த மட்டைப் பை எடுத்துப் போனால் விமானத்தில் எடை கணக்கு இடிக்கும். வாடகைக்குக் கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள். ஹேண்டிகேப் சான்று ஒரு பிரதி கையில் இருக்கட்டும், சில கிளப்புகளில் கேட்பார்கள். வார நாளில் கட்டணமும் கூட்டமும் குறைவு. வானத்தில் இடி கேட்டால் "இந்த ஒரு குழி" என்று ஆசைப்படாமல் கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும். இரும்பு மட்டையோடு தனி மரத்தடியில் ஒதுங்குவதைப் போல ஆபத்து வேறில்லை. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியான இடிமழை அங்கே சகஜம்.

உடை விஷயத்தில் கிளப்புகள் கண்டிப்பு. ரவுண்ட் நெக் பனியனுக்கும் ஜீன்ஸுக்கும் அனுமதி இருக்காது. காலர் வைத்த டீ-சர்ட் வேண்டும். அதற்கு நம்ம ஊரில் பஞ்சமா? பிக்கே துணியில் அரை டஜன் அவர் கம்பெனியிலிருந்தே எடுத்து வைத்திருந்தேன். ஆறும் வியர்வையிலும் செம்மண்ணிலும் ஊறி, கடைசி நாளைக்குச் சுத்தமாக ஒன்றுகூட மிச்சமில்லை. கொழும்பில் ஒரு கடைக்குள் நுழைந்தோம். இவர் சட்டையை எடுத்ததும் விலையைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்க்கவில்லை. திருப்பூர்க்காரர் ஆயிற்றே! உள்ளே திருப்பித் தையலை விரலால் தடவி, காலரை இழுத்துப் பார்த்து, லேபிளைப் படித்தார். இலங்கையில் தைத்தது.

"நல்லாத்தான் தெக்கறாங்க" என்று முணுமுணுத்துவிட்டு, இரண்டு வாங்கினார். ஒன்று போட்டுக்கொள்ள, ஒன்று கட்டிங் மாஸ்டருக்குக் காட்ட.